வீட்டுப் புதினாவில் மென்தால் இருக்கிறதா?

பிரியாணிக்கு ஒரு கட்டு, துவையலுக்கு ஒரு கட்டு, ரசத்துக்கு நாலு இலை. நம் சமையலறையில் புதினாவின் இடம் இதுதான். இது போக, வயிறு மந்தமாக இருந்தால் புதினா கஷாயம், வாய் நாறினால் இரண்டு இலையை மெல்வது, சளி பிடித்தால் ஆவி பிடிக்கும் வெந்நீரில் ஒரு கைப்பிடி போடுவது என்று கைவைத்தியப் பட்டியலும் உண்டு. எதனால் இது வேலை செய்கிறது என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், "அதில்தான் மென்தால் இருக்கிறதே!"

இந்தப் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் கொத்தமல்லி, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் கிடைக்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் எனப்படும் இனம். தாவரவியல் பெயர் மென்தா ஸ்பிகேட்டா. இதில் மென்தால் மிகச் சொற்பம். இலையைக் கசக்கியதும் மூக்கில் ஏறும் மணம் கார்வோன் என்ற வேறொரு பொருளுடையது. தைலத்திலும் இருமல் மிட்டாயிலும் பற்பசையிலும் ஜில்லென்று இறங்கும் மென்தால், வேறு வகைப் புதினாவிலிருந்து வருகிறது.

பெயர்க் குழப்பம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. எந்தப் புதினா, எவ்வளவு, யாருக்கு என்பது தெரியாமல், இலைக்குப் பொருந்துவதை எண்ணெய்க்கும் பொருத்திப் பார்த்தால், பெரியவர்களுக்குச் சுகம் தரும் அதே பொருள் கைக்குழந்தையின் மூச்சுக்கே ஆபத்தாக முடியலாம்.

இலையின் மேல் ஒரு தொழிற்சாலை

புதினா இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மேற்பரப்பில் குட்டிக் குட்டி முத்துகள் போல ஏதோ ஒட்டியிருப்பது தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். செடி தன் வாசனை எண்ணெயைத் தயாரித்து, அவற்றில்தான் சேமித்து வைக்கிறது. இலையைத் தொட்டாலே விரலில் மணம் ஒட்டிக்கொள்வதும், கசக்கினால் அறையே மணப்பதும் இந்தச் சுரப்பிகள் உடைவதால்தான். பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சைகளிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள செடி வைத்திருக்கும் ஆயுதம் இது.

துளசி, கற்பூரவள்ளி, திருநீற்றுப் பச்சிலை எல்லாமே புதினாவின் குடும்பம்தான். எல்லாவற்றிலும் இதே போன்ற சுரப்பிகள் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் மாறும்.

புதினா வகைகளில் எண்ணெய் தயாராகும் விதம் சுவாரஸ்யமானது. தொடக்கப் பொருள் லிமோனீன். ஆரஞ்சுத் தோலில் நிறைய இருப்பதும் லிமோனீன்தான், புதினாவில் இருப்பது அதன் கண்ணாடிப் பிம்ப வடிவம். இந்த மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்ட வைக்கும் வேலையை ஒரு நொதி செய்கிறது. எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதில்தான் கதையே மாறுகிறது. நம் வீட்டுப் புதினாவில் அது ஓர் இடத்தில் ஒட்டும், முடிவில் கிடைப்பது கார்வோன். பெப்பர்மின்ட் எனும் வகையில் அது இன்னோர் இடத்தில் ஒட்டும். அந்தப் பாதை புலிகோன், மென்தோன் என்று பல படிகளைக் கடந்து மென்தாலில் போய் முடியும்.

இரண்டு நொதிகளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரோட்னி குரோட்டோவின் ஆய்வுக் குழு 2000ஆம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தது. ஸ்பியர்மின்ட் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினார்கள். அது பெப்பர்மின்ட் நொதியைப் போல வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

கார்வோனுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் இரு கைகளும் ஒரே மாதிரி இருந்தாலும் வலது கைக்கான கையுறை இடது கைக்குப் பொருந்தாது அல்லவா? மூலக்கூறுகளிலும் இப்படி இடக்கை, வலக்கை வடிவங்கள் உண்டு. கார்வோனின் ஒரு வடிவம் புதினா மணம் வீசும். அதன் கண்ணாடிப் பிம்பமோ சதகுப்பை விதையில் இருக்கிறது. அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. ஆனால் நம் மூக்கில் உள்ள ஏற்பிகளுக்கு எந்தக் கை என்பது தெரிந்துவிடுகிறது.

மென்தால் எங்கிருந்து வருகிறது?

உலகத்தில் புழங்கும் இயற்கை மென்தாலில் பெரும்பகுதி இந்தியாவில் விளைகிறது. உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், பதாயூன், ராம்பூர் மாவட்டங்களில் மென்தா ஆர்வென்சிஸ் என்ற புதினாவை விவசாயிகள் பணப்பயிராக வளர்க்கிறார்கள். அங்கே இதன் பெயரே 'மென்தா'. பிப்ரவரி, மார்ச் வாக்கில் நட்டு, மழைக்காலத்துக்கு முன் அறுத்துவிடுவார்கள். ரபி பயிருக்கும் நெல்லுக்கும் இடையில் நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் கையில் காசு பார்க்க உதவும் பயிர் இது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'கோசி' போன்ற ரகங்கள் இந்தச் சாகுபடி பரவக் காரணமாக இருந்தன.

இந்தச் செடி இந்தியாவுக்கு வந்தது 1950களில், ஜப்பானிலிருந்து. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஹொக்கைடோ தீவின் கிடாமி பகுதிதான் உலக மென்தால் சந்தையின் தலைநகர்.

அறுத்த செடியைக் கிராமத்திலேயே பெரிய தொட்டிகளில் அடைத்து, நீராவி செலுத்தி எண்ணெய் வடிக்கிறார்கள். 100 கிலோ பச்சைச் செடி போட்டால் கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய அரை கிலோ. அதில் 70 முதல் 80 சதவிகிதம் மென்தால். எண்ணெயைக் குளிரவைத்தால் மென்தால் கண்ணாடி ஊசிகள் போலப் படிகமாகப் பிரியும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் 'புதினா உப்பு' என்று கேட்டால் தருவது இதைத்தான். சமையல் உப்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சுமார் 42 டிகிரி செல்சியஸில் இது உருகிவிடும்.

செடி இல்லாமல் ரசாயன ஆலையிலும் மென்தால் தயாராகிறது. மென்தால் மூலக்கூறுக்கு எட்டு வடிவங்கள் சாத்தியம். நல்ல குளிர்ச்சி தருவது, புதினாச் செடி தயாரிக்கும் ஒரே ஒரு வடிவம்தான். ஆலையில் அந்த ஒன்றை மட்டும் குறிபார்த்துத் தயாரிக்கும் முறைக்கு வழிவகுத்த ஜப்பானிய வேதியியலாளர் ரியோஜி நோயோரி, 2001ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குளிராத குளிர்ச்சி

தைலம் தடவிய நெற்றியைத் தெர்மாமீட்டர் வைத்து அளந்தால், உணர்கிற குளிர்ச்சிக்கு ஏற்ற அளவுக்கு வெப்பநிலை இறங்கியிருக்காது. பிறகு எப்படிக் குளிர்கிறது?

நம் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதம் இருக்கிறது. வெப்பநிலை சுமார் 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இது திறந்துகொண்டு, "குளிர்கிறது" என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். மென்தால் இந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, குளிர் இல்லாமலேயே கதவைத் திறந்துவிடும். மூளையும் நம்பிவிடும். மிளகாய் சுடாமலேயே 'எரிகிறது' என்று உணர்த்துவதும் இதே மாதிரியான ஏமாற்று வேலைதான், அதற்கு வேறொரு புரதம். 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியாக மென்தாலைப் பயன்படுத்தி இந்தக் குளிர் உணரியைக் கண்டுபிடித்தார்கள். வெப்பம், தொடுதல் ஆகிய உணர்வுகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

மூக்கடைப்பு விஷயத்திலும் இதுவேதான் நடக்கிறது. மென்தாலை முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்டதைப் போல இருக்கும். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ரான் எக்கில்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் மூக்கின் காற்றோட்டத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். உள்ளே போகும் காற்றுக்கு இருந்த தடை குறையவில்லை. குறைந்தது அடைப்பு உணர்வு மட்டும்தான். சளியால் தூங்க முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு அந்த நிம்மதியும் பெரிதுதான். ஆனால் ஆஸ்துமாவால் மூச்சு வாங்குபவர், தைலம் தடவியதும் 'லேசாகிவிட்டது' என்று நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தால் அது விபரீதம். குழாய் இன்னும் சுருங்கியேதான் இருக்கும்.

சிகரெட் நிறுவனங்கள் மென்தாலைச் சேர்த்ததன் சூட்சுமமும் இதுதான். புகையின் காரமும் எரிச்சலும் தெரியாமல் போவதால் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு அது எளிதாகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் மென்தால் சிகரெட்டுகளைத் தடை செய்தது.

தலைவலிக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. ஜெர்மனியில் 1990களில் நடந்த ஆய்வில், பதற்றத் தலைவலி உள்ளவர்களின் நெற்றியில் 10 சதவிகித பெப்பர்மின்ட் எண்ணெய்க் கரைசலைத் தடவியபோது, 1,000 மில்லிகிராம் பாரசிட்டமால் தந்த அளவுக்கு நிவாரணம் கிடைத்தது. பாட்டி தைலம் தேய்த்துவிட்டது வீண்போகவில்லை.

வயிற்றுக்கு நல்லதா?

புதினாவின் மருத்துவப் பயன்களில் ஆதாரம் ஓரளவு உறுதியாக இருப்பது குடல் விஷயத்தில்தான். மென்தால், குடல் தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழையும் வழியைத் தடுக்கிறது. கால்சியம் நுழையாவிட்டால் தசை இறுகாது, பிடிப்பு தளரும். ஜப்பானில் எண்டோஸ்கோப்பி செய்யும்போது இரைப்பையின் அசைவை நிறுத்தி வைக்க மென்தால் கரைசலைத் தெளிக்கும் வழக்கமே உண்டு.

ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் பிரச்னையில் வயிற்றுவலியும் உப்புசமும் மாதக்கணக்கில் வாட்டும். இதற்கு பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்ஸ்யூல் தரலாம் என்று அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவர்களின் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆதாரத்தின் தரம் குறைவு என்பதையும் அதே வழிகாட்டுதல் ஒப்புக்கொள்கிறது. வழக்கமான கேப்ஸ்யூல் ஒன்றில் இருப்பது 0.2 மில்லி எண்ணெய்தான். அதற்கு மேலே இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போன பிறகே கரையும் உறை போட்டிருப்பார்கள்.

அந்த உறைக்குக் காரணம் இருக்கிறது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம், அமிலம் மேலே ஏறாமல் பூட்டிவைத்திருக்கும். மென்தால் அந்த வளையத்தையும் தளர்த்திவிடும். எனவே அடிக்கடி நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு உள்ளவர்கள் 'வயிற்றுக்கு நல்லது' என்று பெப்பர்மின்ட் டீ குடித்தால் எரிச்சல் கூடலாம். பித்தப்பைக் கல், பித்தநாள அடைப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கேப்ஸ்யூலைத் தொடக் கூடாது.

நீர்க்கட்டிப் பெண்களுக்குப் புதினா டீ

சமீப ஆண்டுகளில் இளம்பெண்களிடையே பேசப்படும் விஷயம், பி.சி.ஓ.எஸ். பிரச்னைக்கு ஸ்பியர்மின்ட் டீ. இங்கே மென்தாலுக்கு வேலை இல்லை. நம் வீட்டுப் புதினாவின் இனம்தான் கதாநாயகி.

பிரிட்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 42 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் தினமும் இரண்டு வேளை, 30 நாட்கள் ஸ்பியர்மின்ட் டீ குடித்தார்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்தது. முகத்தில் முடி குறைந்ததாகப் பெண்கள் உணர்ந்தார்கள். ஆனால் மருத்துவர்கள் மதிப்பெண் போட்டுப் பார்த்தபோது முடி வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. முடி மாற ஒரு மாதம் போதாது என்பது ஒரு விளக்கம்.

ஆக, நம்பிக்கை தரும் ஆரம்பம், அவ்வளவுதான். இதைக் குடிப்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அர்த்தம் இல்லை. ஹார்மோனில் கைவைக்கும் பொருள் என்பதால், கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் தினசரி டீயாகக் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. துவையலுக்கும் சட்னிக்கும் இந்தக் கவலை தேவையில்லை.

இரும்புச்சத்தும் ஒரு கோப்பை டீயும்

எண்ணெய் மட்டும்தான் புதினாவா என்றால், இல்லை. வெந்நீரில் எளிதாக இறங்கும் ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் இலையில் நிறைய உண்டு. 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று விளம்பரங்கள் கொண்டாடுவது இவற்றைத்தான்.

ஆனால் இவை இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் உடையவை. 1999இல் வெளியான ஆய்வில், ரொட்டியோடு பெப்பர்மின்ட் டீ குடித்தவர்களின் உடலில் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது 84 சதவிகிதம் குறைந்தது. சாதாரணத் தேநீருக்குக் கிடைத்த அளவும் ஏறக்குறைய இதுவே. ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள், 'மூலிகை டீதானே' என்று சாப்பாட்டோடு இதைக் குடித்தால் மாத்திரை வீணாகும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடலாம். புதினா சேர்த்த உணவில் எலுமிச்சை பிழிந்துகொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

குழந்தை இருக்கும் வீட்டில்

இனி, கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியவை.

கைக்குழந்தையின் மூக்கிலோ, மூக்குக்கு அருகிலோ, நெஞ்சிலோ மென்தால் தைலம் தடவக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மென்தாலின் வீச்சு, குரல்வளையை இறுக்கி மூச்சையே ஒரு கணம் நிறுத்தும் அனிச்சைச் செயலைத் தூண்டிவிடக் கூடும். பெரியவருக்கு 'ஜில்' என்று இருப்பது, குழந்தைக்கு மூச்சுத் திணறலாகலாம். தைலப் புட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் வயது எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தொடுங்கள். சளி பிடித்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம், வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து அதிகம்.

வீட்டிலேயே தைலம் தயாரிப்பவர்கள் புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் ஒரு சீசாவில் போட்டுக் குலுக்குவார்கள். மூன்றும் திடப்பொருள். சேர்ந்ததும் தண்ணீர் ஊற்றாமலே திரவமாகிவிடும். ஒன்று மற்றொன்றின் உருகுநிலையைக் குறைத்துவிடுவதால் நடக்கும் அழகான வேதியியல் அது. ஆனால் அந்த சீசாவில் இருப்பது மிகச் செறிந்த சரக்கு. கற்பூரத்தைச் சிறு குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக் கூடும். சாமி அலமாரியிலோ தலையணைக்கு அடியிலோ வைக்காமல், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

'புதினா எண்ணெய்' என்ற பெயரில் இணையத்தில் விற்பதெல்லாம் ஒன்று அல்ல. ஐரோப்பாவில் வளரும் பென்னிராயல் என்ற புதினா வகையின் எண்ணெயில் புலிகோன் மிக அதிகம். பெப்பர்மின்ட் செடிக்கு மென்தாலை நோக்கிய பாதையில் ஒரு படியாக மட்டும் இருந்த அதே புலிகோன். கருவைக் கலைக்கும் என்ற பழைய நம்பிக்கையில் இந்த எண்ணெயைக் குடித்தவர்கள் உண்டு. 1978இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சுமார் 30 மில்லி குடித்த ஓர் இளம்பெண், கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார். சேர்க்கைச் சுவையூட்டியாக செயற்கைப் புலிகோனைப் பயன்படுத்த வழங்கியிருந்த அனுமதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் திரும்பப் பெற்றது.

இலை வேறு, எண்ணெய் வேறு

மேலே சொன்ன கணக்கை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். 100 கிலோ செடிக்கு அரை கிலோ எண்ணெய். அதாவது ஒரு மில்லி எண்ணெய்க்குள் ஏறக்குறைய 200 கிராம் பச்சைச் செடியின் சாரம் அடங்கியிருக்கிறது. ஒரு வேளைத் துவையலில் நாம் சாப்பிடுவது ஒரு கைப்பிடி இலை. 'இயற்கைதானே' என்று எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் குடிப்பது, கட்டுக் கட்டாக ஒரே மடக்கில் விழுங்குவதற்குச் சமம்.

சமையலுக்கும் டீக்கும் சந்தைப் புதினா. நாள்பட்ட குடல் தொல்லைக்கு, மருத்துவர் சொன்னால், உறை போட்ட கேப்ஸ்யூல். தலைவலிக்கு நெற்றியில் கொஞ்சம் தைலம், கண்ணில் படாமல். குழந்தைக்கு எண்ணெயும் வேண்டாம், தைலமும் வேண்டாம். இந்த நான்கையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. அடுத்த முறை புதினா வாங்கினால் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல தண்டாக நாலைந்தை, கணு மண்ணுக்குள் இருக்குமாறு தொட்டியில் நட்டு, அரை நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் சில நாட்களில் வேர் பிடித்துவிடும். மருந்தடித்த கவலை இல்லாத புதினா, கை நீட்டும் தூரத்தில்.